டாடாமொபைலுக்கு 'கம்பெனி பெட்டியோடு பழைய ஸ்டாக்' என்று யாராவது படம் அனுப்பினால்...

டாடாமொபைல் 206, முதல் தலைமுறை 207, பழைய சியரா, எஸ்டேட். டாடாவின் இந்த நான்கு பழைய வண்டிகளில் ஏதாவது ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு சாமான் தேடி அலைகிற ஆளா நீங்கள்? அப்படியானால் வாட்ஸ்அப்பில் "206 ஃபுல் செட், என்ஓஎஸ் (நியூ ஓல்ட் ஸ்டாக், அதாவது பயன்படுத்தாத பழைய ஸ்டாக்), சீல் பிரிக்காதது" என்று படம் வந்ததும் பணத்தை அனுப்பிவிடாதீர்கள். எனக்கு 41,500 ரூபாய் போயிருக்கிறது. இதுவரை ஒரு பைசா திரும்பி வரவில்லை.

விற்ற ஆளின் பெயரையும் போன் எண்ணையும் இங்கே போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. அதோடு அந்த எண் இப்போது வேலை செய்யவில்லை. வேறு எண்ணில், வேறு பெயரில் வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதனால் ஆளை விட, அவர் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது உங்களுக்குப் பயன்படும்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன டெல்கோ (டாடா மோட்டார்ஸின் பழைய பெயர்) 1988-ல் விட்ட பிக்கப்தான் டாடாமொபைல். பின்னால் வந்த சியராவும் எஸ்டேட்டும் இதன் அடித்தளத்தில் கட்டியவைதான். என்னுடையது 1993 மாடல். கோபிப் பக்கம் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்த ஒருவரிடம் வாங்கினேன். உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பின்தொட்டி சல்லடையாகியிருந்தது. அதை டிங்கரிங் பட்டறையில் தகடு வைத்து அடைத்துவிடலாம். என்ஜினை மேலே மூடும் ஹெட்டில் விரிசல், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கசிவு, ஸ்டியரிங் பக்கம் ஆட்டம். இவற்றுக்குச் சாமான் இல்லாமல் வண்டி நகராது.

தேடியது எல்லோரும் தேடுகிற இடங்களில்தான். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள், சென்னை புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. (ஆன்லைனில் சியரா சாமான் தேடுகிற வேலையே இப்போது வீண். 2025 நவம்பரில் அதே பெயரில் புது வண்டி வந்ததிலிருந்து, தேடினால் புதுசின் விளம்பரம்தான் வருகிறது.) அப்போதுதான் பழைய வண்டிக்காரர்கள் இருக்கும் ஒரு குழுவில் இந்த ஆள் வந்தார். ஒரு டீலர் கடையை மூடிவிட்டாராம், குடோனில் கிடந்த ஸ்டாக்கை மொத்தமாக எடுத்தாராம், எல்லாம் 1994-ல் பேக் செய்ததாம். ஹெட், கேஸ்கெட் செட், மாஸ்டர் சிலிண்டர், டீசல் தெளிக்கும் நாசில் நான்கு, கிளச் பிளேட் என்று வரிசையாகப் படம். பெட்டிகள் மேல் அளவாகத் தூசி. படத்தில் எல்லாமே அம்சமாக இருந்தது.

பேச்சும் சுத்தம். "சார், இந்த செட்டை பெங்களூர்ல ஒரு பார்ட்டி கேக்கறாரு, நீங்க வண்டிய ரெடி பண்றீங்கன்றதால உங்களுக்கு முதல்ல சொல்றேன்" என்பார். முன்பணம் வாங்கினார். பார்சல் போடும் நாளன்று மீதியைக் கேட்டார். ஜிஎஸ்டி பில்லும் வாட்ஸ்அப்பில் வந்தது. பணம் போன யுபிஐ கணக்கில் மட்டும் பில்லில் இருந்த பெயர் இல்லை, ஒரு பெண்ணின் பெயர். வீட்டுக்காரம்மா கணக்கு என்றார்.

பார்சல் ஆபீஸில் எடுத்து, நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் முதலில் எடுத்தது கேஸ்கெட் பெட்டி. ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கெட்டை உருவி, பிளாக்கின் மேல் வைத்தார். வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இங்க வந்து பாருங்க. போர் உள்ள இருக்குது, ஓட்டை வெளிய இருக்குது." போர் என்றால் சிலிண்டரின் துளை. கேஸ்கெட்டின் ஒவ்வொரு ஓட்டையும் சிலிண்டரை விட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிது. வெர்னியர் வைத்து அளக்கக்கூட வேண்டாம், கண்ணுக்கே தெரிகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றுகிறவர்கள் சுலபமாக நுழைகிற வழி இதுதான். டாடா என்ஜின் எண்ணில் முதல் இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை, அடுத்த இரண்டும் போர் அளவு, அதாவது துளையின் விட்டம். நம் வண்டியில் இருப்பது 483: நாலு சிலிண்டர், 83 மில்லிமீட்டர் போர், 90 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1948 சிசி. 206, ஆரம்பகால 207, சியரா, எஸ்டேட் எல்லாவற்றிலும் இதே குடும்பம். ஆனால் 207 டிஐ என்று பின்னால் வந்ததே, அதில் இருப்பது 497. போர் 97, ஸ்ட்ரோக் 100, 2956 சிசி. பெயர் ஒரே 207. உள்ளே இரண்டும் முற்றிலும் வேறு என்ஜின். டிஐ வண்டி ஊரெங்கும் ஓடுவதால் அதன் சாமான் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி "207, 206 ரெண்டுக்கும் சேரும்" என்று எழுதி, கிடைக்காத சாமானின் விலைக்கு விற்கிறார்கள். வண்டியின் பெயரைச் சொல்லி விலை கேட்டால் இந்த வலையில்தான் விழ வேண்டும். பழைய சாமானில் அடித்திருக்கும் பார்ட் நம்பரையும் மில்லிமீட்டர் அளவையும் சொல்லிக் கேளுங்கள். "கேஸ்கெட் ஓட்டையில் ஸ்கேலை வைத்து ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான வியாபாரி அனுப்புவார். மற்றவருக்கு அன்றைக்குப் பார்த்து உறவுக்காரர் வீட்டுத் துக்கம் வந்துவிடும்.

ஹெட்டுக்கு வருவோம். பளபளவென்று வெள்ளி பெயிண்ட். புது ஹெட்டுக்கு எந்தக் கம்பெனியும் இப்படி உள்ளேயும் வெளியேயும் சேர்த்துப் பெயிண்ட் அடிப்பதில்லை என்றார் அண்ணன். லேத் பட்டறையில் கொடுத்து டை டெஸ்ட் செய்யச் சொன்னோம். தெரியாதவர்களுக்கு: ஹெட்டைத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளை மருந்தை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் கசிந்து கோடாகத் தெரியும். பெயிண்டைச் சுரண்டி, தின்னரால் கழுவி இதைச் செய்தபோது, இரண்டாவது சிலிண்டரில் இரு வால்வ் சீட்டுக்கும் நடுவே சிவப்புக் கோடு மெல்ல எழும்பி வந்தது. மூன்றாவதில் கோடு பாதியில் நின்றது. அந்த இடத்தை ஊசியால் கீறினால் சாம்பல் நிறத்தில் பசை உதிர்கிறது. விரிசலை மெட்டல் பேஸ்ட் வைத்து அடைத்து, மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்தி (பேசிங்), அதற்கும் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். என் வண்டியில் கழற்றிப்போட்ட ஹெட்டே இதை விடத் தேவலாம்.

மாஸ்டர் சிலிண்டர்தான் உண்மையில் வயிற்றைக் கலக்கியது. ஹெட் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இது பிரேக். வெளியே கறுப்புப் பெயிண்ட், உள்ளே புது ரப்பர் கிட். பிஸ்டனை வெளியே எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் போர் முழுக்கத் துருத் தின்ற குழிகள். விரலை விட்டால் நகம் தடுக்குகிறது. அந்தக் குழிகளில் உரசினால் புது ரப்பர் எத்தனை மாதம் தாங்கும்? மேட்டில் ஏறும்போது தெரியாது, சரக்கோடு இறங்கும்போது தெரியும். வேறு எதை வாங்கினாலும் சரி, பிரேக் சாமானில் மட்டும் 'ரீகண்டிஷன்' என்ற பேச்சே வேண்டாம். புதுசு கிடைக்கவில்லையென்றால், போரில் பித்தளையிலோ ஸ்டீலிலோ ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கத் தெரிந்த பட்டறையில், உங்கள் பழையதையே கண்முன்னால் செய்து வாங்குங்கள்.

இனி பெட்டி. இந்த ஒன்றை மட்டும் படத்திலேயே பிடித்துவிடலாம், அதனால் நன்றாகக் கவனியுங்கள். 1994-ல் பேக் செய்தது என்கிறார். பெட்டியில் அச்சிட்டிருப்பது 'டாடா மோட்டார்ஸ்'. அந்தப் பெயரே 2003-ல்தான் வந்தது. அதற்கு முன் கம்பெனியின் பெயர் டாடா இன்ஜினியரிங் அண்ட் லோகோமோட்டிவ், அதாவது டெல்கோ. நாசில் பெட்டியில் 'பாஷ் லிமிடெட்'. 1990களில் அந்தக் கம்பெனி மைக்கோ. பாஷ் லிமிடெட் ஆனது 2008-ல். போதாததற்கு ஒரு பெட்டியில் வாடிக்கையாளர் சேவைக்கு இமெயில் முகவரி வேறு. 1994-ல்!

பழைய கம்பெனிப் பெட்டியின் கதையே தனி. சில இடங்களில் காலிப் பெட்டிகளையும் லேபிள்களையும் தனியாக விற்கிறார்கள் என்று புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் சொன்னார். சாமானைவிடப் பெட்டிக்கு மவுசு.

போனில் கேட்டபோது முதல் பதில், "உங்க மெக்கானிக்குக்கு இந்த வண்டி தெரியல சார்." சாயக்கோட்டின் படத்தை அனுப்பியதும் "மாத்தி வந்திருச்சு சார், ரிட்டர்ன் போடுங்க, பணம் போட்டுடறேன்." பில்லில் இருந்த புதுப்பேட்டை முகவரிக்குப் போட்டேன். அப்படி ஒரு கடையே இல்லை என்று பார்சல் திரும்பியது. சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் நேரில் போய்ப் பார்த்தான். அந்தக் கதவு எண்ணில் ஒரு மேன்ஷன் இருக்கிறதாம். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இந்த ஆளின் கதை ஏற்கனவே தெரிந்திருந்தது. "எங்க பேரைக் கெடுக்கறானுங்க தம்பி" என்று திட்டியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அங்கே நேரில் போய்ப் பேரம் பேசி வாங்குகிறவர்கள், கையில் பழைய சாமானை எடுத்துக்கொண்டு போனால், பெரும்பாலும் சரியானதைத்தான் வாங்கி வருகிறார்கள்.

அப்புறம் அந்த ஜிஎஸ்டி பில். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33. இந்த பில்லில் 29, அதாவது கர்நாடகம், முகவரியோ சென்னை. ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் யாருடையது என்று வந்துவிடும், லாகின்கூட வேண்டாம். வந்த பெயர் துணி வியாபாரம் செய்யும் ஏதோ ஒரு நிறுவனம், பதிவும் ரத்தாகியிருந்தது.

புகார் விஷயத்தில் நான் கற்றது: யுபிஐயில் பணம் போனது மோசடி என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து நகர்வதற்குள் முடக்கினால்தான் உண்டு. நான் ரிட்டர்ன், ரீஃபண்ட் என்று அவர் சொன்னதைக் கேட்டுக் காத்திருந்த நேரத்தில் கணக்கு காலியாகிவிட்டது; அந்த 'ரிட்டர்ன் போடுங்க' நாடகமே அதற்காகத்தான். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கேட்டால் வழி சொல்வார்கள். ஆனால் எதிராளியின் உண்மையான முகவரி இல்லாமல் நோட்டீஸ் எங்கே போகும்? என் புகார் நிற்பது அந்த இடத்தில்தான். கணக்கு வைத்திருப்பவரின் விவரத்தைப் போலீஸ் வங்கியிடம் கேட்டிருக்கிறது.

இதே கூட்டம் முழு என்ஜினும் விற்கிறது. "ஓடுற கண்டிஷன் 483, 60,000" என்று எனக்கும் படம் வந்தது. பிளாக்கை மாற்றினால் ஆர்சியில் என்ஜின் எண்ணை மாற்ற வேண்டும், ஆர்டிஓ அனுமதி வேண்டும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். எண் தேய்த்த பிளாக்கை வாங்கினால் பணம் போவது சின்ன விஷயம், திருட்டு வண்டிக் கேஸில் நாம் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடைசியில் ஹெட் கிடைத்தது சேலம் பக்கம் ஒரு காயலான் கடையில், உடைக்க வந்த எஸ்டேட்டிலிருந்து. கடைக்காரர் தானே லேத்துக்கு அனுப்பி, டை டெஸ்ட் பார்த்த பிறகு பணம் வாங்கினார். அழுக்கும் கரியும் அப்படியே இருந்தது. கழுவாத சாமான்மேல் எனக்கு இப்போது தனி மரியாதை. மாஸ்டர் சிலிண்டர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகவே கிடைத்தது, பழையதைக் கையில் கொண்டுபோய் ஓட்டைக்கு ஓட்டை வைத்துப் பார்த்து வாங்கினேன். கேஸ்கெட் பெட்டியில் 483 என்று அச்சிட்டிருந்தது, அதையும் பிரித்து அளந்த பிறகுதான் ஜிபே செய்தேன்.

இடது பக்கக் கதவின் கண்ணாடி ஏற்றும் ரெகுலேட்டர் இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஸ்கேலோடு ஒரு போட்டோ அனுப்பினால் போதும், நானே நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.