சிங்கராஜாவா, சைலன்ட் வேலியா?

இரண்டுமே மழைக்காடுகள்தான். ஆனால் உள்ளே போகும் விதம் வேறு. கேரளத்தின் சைலன்ட் வேலிக்கு முக்காலி என்ற ஊரிலிருந்து ஜீப்பில் ஏறினால், 23 கிலோமீட்டர் தாண்டி சைரந்திரியில் இறங்கலாம். அங்கே 30 மீட்டர் உயரக் காவல் கோபுரத்தில் ஏறினால் குந்திப்புழை ஓடும் பள்ளத்தாக்கு கண்முன் விரியும். அணை கட்டியிருந்தால் மூழ்கியிருக்கும் காடு இது. மக்கள் போராடியதால் பிழைத்து, 1984-இல் தேசியப் பூங்கா ஆனது. பச்சைக் கூரைக்கு மேல் நின்று அதைப் பார்க்கையில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சோலைமந்தி என்ற சிங்கவால் குரங்கு கண்ணில் பட்டால் இன்னும் மகிழ்ச்சி.

இலங்கையின் சிங்கராஜாவில் நடைதான், கூடவே வழிகாட்டி. அட்டை கடிக்கும், மழை நனைக்கும். பரவாயில்லை, காடு மெல்லத்தான் தன்னைக் காட்டும். சற்று முன்வரை வெறும் இலையாக இருந்த இடத்தில், திடீரென்று பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக வரும். சிலம்பன்கள் சலசலக்கும், கரிச்சான் குரல் கொடுக்கும், உயரே செம்முகப் பூங்குயில் கிளை தாவும். சில நிமிடங்களில் எல்லாம் கடந்து போய்விடும். ஜீப் இரைச்சலில் இது கிடைக்காது.

வயதானவர்களோடு போவதென்றால் சைலன்ட் வேலி வசதி. கால் வலு இருக்கிறதா? சரி, சிங்கராஜாவுக்கே போங்கள்.