செல்ஃப் ரைசிங் மாவு: பாக்கெட்டா, வீட்டுக் கலவையா, ஆப்ப சோடாவா?

வெளிநாட்டு கேக் குறிப்பு எதைத் திறந்தாலும் பொருள் பட்டியலில் ‘செல்ஃப் ரைசிங் ஃப்ளோர்’ வந்து நிற்கிறது. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. சூப்பர் மார்க்கெட்டில் மைதாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். நம் ஊர் அண்ணாச்சி கடையில் கேட்டால் மைதாவைத்தான் எடுத்துக் கொடுப்பார். அவர் கொடுப்பதும் பெரிய தப்பில்லை. அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பது மாவு, அதை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடர் சரக்கு, சில நாடுகளில் கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான்.

அப்படியானால் பாக்கெட்டைத் தேடி அலைவது வீண்தானே என்றால், ஒரே ஒரு இடத்தில் அது ஜெயிக்கிறது: மாவின் ரகம். அமெரிக்கத் தென் மாநிலங்களில் இதை மென்கோதுமையில் அரைக்கிறார்கள். கிங் ஆர்தர் என்ற அமெரிக்க பிராண்டின் செல்ஃப் ரைசிங் மாவில் புரதம் 8.5 சதவீதம். நம் மைதா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 10-ஐத் தொட்டோ தாண்டியோ இருக்கும். புரதம் ஏறினால் இழுவை ஏறும். பரோட்டா மாஸ்டருக்கு அதுதான் வேண்டும். பொலபொலவென்று உதிர வேண்டிய ஸ்கோன் என்கிற பிரிட்டிஷ் குட்டி ரொட்டிக்கு அதுவே வினை. வீட்டில் இதற்கு ஒரு சமாளிப்பு உண்டு. ஒரு கப் மைதாவில் இரண்டு டேபிள்ஸ்பூனை எடுத்துவிட்டு, அந்த அளவு கார்ன்ஃப்ளோர் சேர்த்துச் சலித்தால் இழுவை குறையும். அச்சு அசல் அதே மாவு ஆகாது, ஆனால் பக்கத்தில் போய்விடலாம். கேக்குக்கு இதுகூடத் தேவையில்லை. வெண்ணெயும் சர்க்கரையுமே மாவை மிருதுவாக்கிவிடும்.

இனி வீட்டுக் கலவை. கப் கணக்கில் எழுதிய குறிப்பு பெரும்பாலும் அமெரிக்காவுடையது: ஒரு கப் மைதா, அதாவது சுமார் 125 கிராம், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு. கிராம் கணக்கில் வந்தால் அநேகமாக பிரிட்டன்: 150 கிராம் மைதாவுக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு வேண்டாம். பவுடர் விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், உப்பில்தான் வித்தியாசம். விக்டோரியா ஸ்பாஞ்ச் என்கிற பிரிட்டிஷ் வெண்ணெய் கேக்குக்கு உப்பு போட்ட வெண்ணெயையும் எடுத்து, அமெரிக்கக் கலவையையும் போட்டால் கேக் கரிக்கும்.

அளவில் நம்மவர்கள் கோட்டை விடுவது ஸ்பூனில். சாம்பார் பொடி அள்ளுவதுபோல் குவித்து எடுத்தால் ஒரு ஸ்பூனில் இரண்டு ஸ்பூன் சரக்கு போய்விடும். கேக் அடுப்பில் ஜோராக எழும்பும், பிறகு நடுவில் பள்ளம் விழுந்து உட்காரும். கத்தியின் முதுகால் வழித்துத் தட்டையாக்கித்தான் போட வேண்டும். பிறகு இரண்டு மூன்று தடவை சலிக்கணும். பவுடர் ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அங்கே கசப்பும் பழுப்புப் புள்ளியும் வரும்.

மூன்றாவது வழிதான் வம்பு. ‘பேக்கிங் பவுடர் இல்லையா, ஆப்ப சோடா போடு’ என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஆப்ப சோடா வெறும் காரம். அதனுடன் புளிப்பு சேர்ந்தால்தான் முழு வேலை செய்யும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்புச் சரக்கு உள்ளேயே இருக்கிறது. அதனால் ஒரு டீஸ்பூன் பவுடர் செய்கிற வேலைக்குக் கால் டீஸ்பூன் சோடா போதும். அதே அளவு சோடாவைக் கொட்டினால் சோப்பு வாசமும் மஞ்சள் பழுப்பு நிறமும்தான் மிச்சம். ஒரு கப் மைதாவுக்குக் கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாகச் சோடா, அரை கப் புளித்த தயிர் என்று வைத்தால் சரியாக வரும். மைசூர் போண்டாவின் சூத்திரமே இதுதானே. ஆனால் கலந்தவுடனே பொங்க ஆரம்பித்துவிடும். உடனே அடுப்பில் ஏற்றணும். கடையில் கிடைக்கும் பேக்கிங் பவுடர் பெரும்பாலும் இரண்டு தவணையாக வேலை செய்யும், ஈரம் பட்டதும் கொஞ்சம், சூட்டில் மீதி. மேலும், பால் சேர்க்கும் குறிப்பில்தான் தயிரை மாற்றாக நுழைக்க முடியும். விக்டோரியா ஸ்பாஞ்சில் தயிருக்கு இடமேது?

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, வீட்டுக் கலவைதான் மலிவு. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், சரக்கைச் சோதித்துப் பார்க்க முடிவது. பிரிஸ்டலைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ் 1845-இல் இந்த மாவுக்குக் காப்புரிமை வாங்கியபோது அவர் மனதில் இருந்தது ஈஸ்ட்டுக்கு வழியில்லாத கப்பல்காரர்கள். நடுக்கடலில் எல்லாம் ஒரே மூட்டையில் இருப்பது வசதிதான். சென்னைக் காற்றில் பிரித்து வைத்த பாக்கெட்டோ ஈரம் குடித்து வீரியம் இழக்கும். அது கேக் தட்டையாக வெளியே வந்த பிறகுதான் தெரியும். தனி பேக்கிங் பவுடர் என்றால் அரை டீஸ்பூனைக் கொதிநீரில் போட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது. சோம்பலாக நாலு குமிழி விட்டால் குப்பைக்கு.

இதனால்தான் வீட்டுக் கலவையையும் கிலோ கணக்கில் கலந்து டப்பாவில் அடைக்காதீர்கள் என்கிறேன். அடைத்தால் அதுவும் இன்னொரு பாக்கெட்தான். வாரம் தவறாமல் ஸ்கோன் சுடுகிற வீடு என்றால் மட்டும் கடைப் பாக்கெட் வாங்கலாம். தீரத் தீர வாங்குங்கள். கோதுமை மாவில் இதே கலவை செய்யலாமா என்றால், செய்யலாம். தண்ணீர் கூடக் குடிக்கும், கனமாக வரும்.

சில பிரிட்டிஷ் குறிப்புகளில் செல்ஃப் ரைசிங் மாவும் இருக்கும், அதற்குக் கீழேயே தனியாக ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் இருக்கும். மாவில்தான் ஏற்கெனவே கலந்தாயிற்றே என்று அதை விட்டுவிடாதீர்கள், இரண்டையும் போடணும்.