சேஃப்டி வால்வை அடைத்துவிட்டுப் போன பிளம்பர்: கீசர் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

கீசர் மாற்றப் போகிறவர்களும், சமீபத்தில் ஆள் வைத்து மாற்றியவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பழைய கீசரின் அடியில் துரு ஏறி ஒழுக ஆரம்பித்திருந்தது. உள்தொட்டி ஓட்டையாகிவிட்டால் ஒட்டுப்போட வழி கிடையாது, மாற்றத்தான் வேண்டும். 25 லிட்டரில் புதிது ஒன்று வாங்கி வைத்துவிட்டு, நானே மாட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். குழாய் வேலை ஓரளவு கைவரும். ஆனால் தண்ணீரும் கரண்டும் ஒன்றாகச் சேர்கிற இடம், வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், எதற்கு வம்பு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்ன பிளம்பரைக் கூப்பிட்டேன். எந்தெந்தத் தவறு நடந்துவிடுமோ என்று பயந்து நான் ஒதுங்கினேனோ, அவற்றைத்தான் அவர் காசு வாங்கிக்கொண்டு செய்துவிட்டுப் போனார்.

வேலை ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. கை வேகத்தைப் பார்த்து நல்ல அனுபவசாலி என்றுதான் நினைத்தேன். கீசரின் வயர் பிளக் பாயிண்ட் வரைக்கும் எட்டவில்லை. தன் பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து, முறுக்கி, டேப் சுற்றி நீளமாக்கினார். அப்புறம் சுவிட்சைப் போட்டு, "லைட் எரியுது பாருங்க சார், எல்லாம் ஓகே" என்றார். பில் எழுதி, சாமான்களை எடுத்து வைத்து, பழைய கீசரையும் தூக்கிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில்தான் தண்ணீர் வால்வைத் திறந்துவிட்டார். நடுவில் எப்படியும் பத்து நிமிடம் இருக்கும். அந்த நேரம் முழுக்க வெறும் தொட்டியில், தண்ணீரைச் சூடாக்குகிற எலிமென்ட் சூடேறிக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில், கீசருக்கு அடியில் குளிர்ந்த நீர் உள்ளே போகிற இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வின் பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் சொட்டியது. போன் செய்தேன். வந்து பார்த்தார், "வால்வு லீக் சார், இது அடிக்கடி வர்ற பிரச்சினைதான்" என்று சொல்லி அந்தத் துளையில் ஒரு டம்மியை, அதாவது அடைப்பு மூடியைப் போட்டு இறுக்கினார். சொட்டுவது நின்றது. அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார். நான் நன்றி சொல்லி அனுப்பினேன்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது லீக்கே இல்லை. தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியில் இருக்கிற 25 லிட்டர் தண்ணீரை 75 டிகிரிக்குக் கொண்டுபோனால், சுமார் அரை லிட்டர் அதிகமாக இடம் கேட்கும். வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி வால்வுக்குள் ஒருவழி அடைப்பு இருக்கிறது. குழாயும் மூடியிருந்தால் அந்த அரை லிட்டர் எங்கே போகும்? அதற்காகத்தான் அந்தத் துளை. சூடாகும்போது அதில் கொஞ்சம் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சூடாகாத நேரத்திலும் விடாமல் ஒழுகினால்தான், வரும் தண்ணீரின் அழுத்தம் கூடுதலா, வால்வு பழுதா என்று பார்க்க வேண்டும். அப்போதும் வால்வை மாற்றலாமே தவிர, அடைக்கவே கூடாது.

எங்கள் வால்வின் உடம்பிலேயே 8 பார் என்று பொறித்திருக்கிறது. 80 மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்தால் கீழே எவ்வளவு அழுத்தம் வருமோ அவ்வளவு. அதைத் தாண்டினால் திறந்துகொள்ள வேண்டியது அது. சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டு, அளவுமீறிச் சூடானால் கரண்டை நிறுத்துகிற கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தின் காரணமாகக் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் காப்பாற்ற மிச்சமிருப்பது இந்த வால்வு ஒன்றுதான். அதையும் அடைத்து வைத்திருந்தால் தொட்டி பிளக்கும். பிளந்த நொடியில் அழுத்தம் இறங்கி, உள்ளே இருக்கும் நீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். கீசர் வெடித்துச் சுவர் இடிந்தது என்று செய்தி படிக்கிறோமே, அந்த வேகம் இப்படித்தான் வருகிறது. சில வாரங்கள் அப்படி ஒன்றை அம்மாவின் தலைக்கு மேல் தொங்கவிட்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஏதோ தப்பாக இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்ததும் அம்மாதான். ஒரு நாள் காலையில், "பைப்பைத் தொட்டா சுருக்குங்குதுடா" என்றார். பிளம்பருக்குப் போன் செய்தால், "ஈரக்கையோட தொட்டா அப்படித்தான் சார் இருக்கும், செருப்பு போட்டுக்கச் சொல்லுங்க" என்றார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. குழாயைத் தொட்டால் ஷாக் அடிப்பது எந்தக் காலத்திலும் சாதாரண விஷயம் இல்லை. கரண்டை நிறுத்துகிற எம்சிபி சுவிட்சை இறக்கி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

அவர் முதலில் பார்த்தது அந்த ஒட்டுப்போட்ட வயரை. டேப்பைப் பிரித்தார். கீசரிலிருந்து வருவது மூன்று வயர். பிளம்பர் சேர்த்திருந்தது இரண்டு வயர் மட்டும் உள்ள, விளக்குக்குப் போடுகிற மெல்லிய ஒயர். பச்சை வயரை, அதாவது எர்த்தை, ஒரு அங்குலத்தில் வெட்டி மடித்து, கறுப்பு டேப்புக்குள் சுருட்டி வைத்திருந்தார். முறுக்கிய இடத்தில் இன்சுலேஷன் உருகிப் பழுப்பேறி இருந்தது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அந்த மெல்லிய வயரும் வெறும் முறுக்கலும் அதை எத்தனை நாள் தாங்கும்?

அப்புறம் எலிமென்டைச் சோதித்தார். அதன் உறையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. தண்ணீர் இல்லாமல் ஓடியதால்தான் இருக்கும் என்றார். ஆக வரிசை இதுதான்: தண்ணீர் நிரப்பாமல் சுவிட்சைப் போட்டதில் எலிமென்ட் வெடித்தது, வெடிப்பு வழியே கரண்ட் தண்ணீருக்குள் கசிந்தது, அதைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் டேப்புக்குள் கிடந்தது, அம்மாவின் கை குழாயில் இருந்தது. "கசிவு கொஞ்சம் கூடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது சார்" என்று அவர் சொன்னபோது அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இன்னொன்று, பில்லில் புது கனெக்‌ஷன் பைப் இரண்டு என்று எழுதியிருந்தது. கழற்றிப் பார்த்தால் எங்கள் பழைய பைப்புகளேதான், துடைத்து மாட்டியிருக்கிறார். ரப்பர் வாஷர் கல்லாக இறுகிப்போயிருந்தது. கேட்டதற்கு முதலில் மறுத்தார், பிறகு போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். கீசர் கம்பெனியிலும் தண்ணீர் இல்லாமல் ஓடிய எலிமென்டுக்கு வாரண்டி தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது முறை பாதியை நானே செய்தேன். எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, தண்ணீரை அடைத்து, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து காற்று போக வழிவிட்டுத் தொட்டியை வடித்தேன். புது எலிமென்ட், புது வால்வு, புது பைப்புகள். டெஃப்லான் டேப்பை மரை இறுகுகிற திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போது பிரிந்துவிடும். நிரம்பிய கீசர் தண்ணீர் மட்டுமே 25 கிலோ, தொட்டி எடை தனி. அதனால் ஆங்கர் போல்ட் பூச்சோடு நிற்காமல் கெட்டியான செங்கல்லுக்குள் போயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். பிறகு சுடுதண்ணீர்க் குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் சீராகத் தண்ணீர் வரும்வரை நிரப்பினேன். வயரிங்கை நான் தொடவில்லை. எலக்ட்ரீஷியன் ஒட்டே இல்லாத தடிமனான மூன்று கோர் வயரும், கரண்ட் கசிந்தால் 30 மில்லிஆம்பியரில் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்சும் போட்டுக் கொடுத்தார்.

குழாய் வேலை கைவருகிறவர்கள் அந்த அளவுக்குத் தாராளமாகச் செய்யலாம் என்பது என் கருத்து. கரண்ட் வேலைக்கு அதற்குப் படித்தவரைத்தான் கூப்பிட வேண்டும். பிளம்பரே வயரையும் முறுக்கிக் கொடுப்பார் என்றால் அந்த உதவி வேண்டாம். கேஸ் கீசராக இருந்தால் எதையும் நீங்களாகக் கழற்றாதீர்கள், புகை வெளியேறுகிற வழி சரியில்லை என்றால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆள் வைத்துச் செய்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீர் நிரம்பும் முன் சுவிட்சில் கை வைத்தால் தடுத்து நிறுத்துங்கள். எர்த் எங்கே சேர்ந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், காட்டிய பிறகு காசு கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டி முடித்தவர்கள் இன்றைக்கே பாத்ரூமுக்குப் போய்க் கீசருக்கு அடியில் பாருங்கள். நீலக் குறி போட்ட பக்கம் வால்வு இருக்கும், அதில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும். டம்மியோ எம்-சீலோ வைத்து அடைத்திருந்தால் சுவிட்சை அணைத்து, அதைச் சரிசெய்யும்வரை போடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தத் துளையிலிருந்து மெல்லிய டியூப் ஒன்றைத் தரை வடிகால் வரைக்கும் இறக்கிவிட்டிருக்கிறேன். தினமும் காலையில் கீசர் ஓடும்போது அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குகிறதா என்று அம்மாவே பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறார்.