ஸ்டோரிவீவர்: கதை இலவசம், புத்தகம் நம் கைத்தையல்

ராத்திரி பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தமிழில் புதிதாக என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஸ்டோரிவீவர் தளத்தைத்தான். பெங்களூரின் பிரதம் புக்ஸ் அதை 2015 செப்டம்பரில் தொடங்கியது. லாபநோக்கு இல்லாத பதிப்பகம். காசு கிடையாது, வாசிப்பதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, எந்த நிலை என்று சொன்னால் கதைகள் வரிசையாக வந்து நிற்கும். முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கும் மேல். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை தானாக வாசிக்க முதல் நிலை சரி. பெரியவர்கள் வாசித்துக் காட்ட இரண்டும் மூன்றும்தான் நன்றாக இருக்கும், கதைக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது, குரலை ஏற்றி இறக்கவும் வழி இருக்கிறது.

இதெல்லாம் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் எழுத வந்தது அந்தக் கதைகளைப் பிரின்ட் எடுத்து வீட்டிலேயே புத்தகமாகத் தைப்பதைப் பற்றி. இந்தத் தளத்தின் ஆகப்பெரிய நன்மை அதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்குள்ள கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன, பெரும்பாலானவை அதில் சிசி பை 4.0 (CC BY 4.0) என்ற வகை. எழுதியவர், மொழிபெயர்த்தவர், வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் போட்டுவிட்டால் பிரதி எடுக்கலாம், மாற்றியதைக் குறிப்பிட்டுவிட்டு மாற்றலாம், பள்ளிக்கூடத்தில் விநியோகிக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆகவே கடைசியில் வரும் பெயர்ப் பக்கத்தை வேஸ்ட் என்று விட்டுவிடாமல் அதையும் சேர்த்தே எடுங்கள். படம் யார் வரைந்தது என்று என் பெரியவள் இப்போது அங்கே திருப்பிப் பார்த்துச் சொல்கிறாள்.

பிடிஎஃப் இறக்கியதும் ஒன்று கவனிக்க வேண்டும். பல கதைகளின் பக்கங்கள் அகலவாக்கில் இருக்கும். அதை நடுவில் மடித்துத் தைக்கும் புத்தகமாக எடுத்தால் படம் சுருங்கி, மேலும் கீழும் வெள்ளையாக நின்றுவிடும். அதற்குப் பதில் ஒரு ஏ4 தாளில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பக்கம் வரும்படி எடுத்து, குறுக்கே வெட்டி அடுக்கி, இடது ஓரத்தில் தைப்பதுதான் சரி. பிரின்ட் கொடுக்கும்போதே அளவை 90 சதவீதமாகக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தையல் எழுத்தின் மேலேயே ஏறிவிடும். கலர் பிரின்ட் செலவு ஜாஸ்தி. கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பிள்ளைகளையே வண்ணம் தீட்டச் சொல்லலாம், ஆனால் அதற்கு மெல்லிய கோட்டில் வரைந்த படங்களாகப் பார்த்து எடுக்க வேண்டும். இருட்டான பின்னணி உள்ள படங்கள் கறுப்பாகத் திட்டுத்திட்டாக விழும்.

தையல் மூன்றே துளைதான். ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பென்சிலால் மூன்று புள்ளி வைப்பது பிள்ளைகள் வேலை, கோணி ஊசியால் குத்துவது பெரியவர்கள் வேலை. நூலை மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்காது. நடுத்துளையில் பின்பக்கமிருந்து நூலை ஏற்றி, மேல் துளையில் இறக்கி, பின்பக்கமாகவே போய்க் கீழ்த் துளையில் ஏற்றி, மறுபடி நடுவில் இறக்கினால் இரண்டு நுனியும் பின்னால் சேர்ந்துவிடும், அங்கே முடிச்சு. மேலட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் அருமையாக இருக்கும், பெரிய சைஸ் கிடைக்காவிட்டால் மாதக் காலண்டர் தாளை இரண்டாக மடித்து ஒட்டிக்கொள்ளலாம். பசைக்கு மைதாவைக் காய்ச்சிய கூழ் போதும். பூச்சி வராமல் இருக்க பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சினால் போயிற்று.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல், ராத்திரி வாசிப்பு. என் அம்மாவின் தையல் டப்பாதான் எல்லாவற்றுக்கும். போனில் வாசித்தால் படத்தைத் தள்ளித் தள்ளி ஓடும் சின்னவன், தான் புள்ளி வைத்த புத்தகம் என்றால் பாட்டியின் மடியில் உட்கார்ந்து பக்கம் திருப்பும் உரிமையைக் கையில் எடுத்துக்கொள்கிறான். பெரியவள் புலிக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல் என்று வாசிக்கிறாள். அம்மா வாசிக்கும்போது 'சென்றாள்' எல்லாம் 'போனா' ஆகிவிடும், நானும் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன், சின்னவனுக்கு அதுதான் காதில் ஏறுகிறது. பக்கம் திருப்பும் முன் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள், அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

குறை என்று சொன்னால், கணக்குத் தொடங்கிய யாரும் மொழிபெயர்த்துப் போடலாம் என்பதால் எல்லாத் தமிழும் ஒரே தரத்தில் இருக்காது. பிரின்ட் எடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிடுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியம் கண்ணுக்குத் தப்பினாலும் வாய்க்குத் தப்பாது. திருத்தம் தேவைப்பட்டால் உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது.

அதற்காக அச்சுப் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிடாதீர்கள். சென்னையின் தூலிகா 1996-லிருந்து படப்புத்தகங்கள் போடுகிறது, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள் இரண்டு மொழிப் பிள்ளைகளுக்கு ரொம்பவே உதவும். கையால் அச்சடித்துக் கையால் தைத்த புத்தகம் எந்த உயரத்துக்குப் போகும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், சென்னைப் பக்கம் இருப்பவர்கள் திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகத்துக்கு ஒரு நடை கூட்டிப் போகலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டாம் நிலையில், பக்கத்துக்கு மூன்று நான்கு வரி மட்டும் இருக்கும் கதையாக எடுங்கள். இருபது பக்கத்துக்கு மேல் போனால் கோணி ஊசி இறங்குவது சிரமம், தாள் கொஞ்சம் தடிமனாக இருந்தால் இன்னும் கஷ்டம். ஜெராக்ஸ் கடையில் சாதாரண 70 ஜிஎஸ்எம் தாளே போதும் என்று சொல்லிவிடுங்கள்.