கல்லடி வீட்டுக்கு எது தோது: ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா?

அப்பா எடுத்த வீடியோக்களை வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கில் வயர் செருகும் வாயில் பச்சை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். யன்னல் கம்பி, கேற்றுப் பிணைச்சல், காற்றாடி மூடி என்று எதையும் விட்டுவைக்காத உப்புக்காற்று, ரிவிக்குப் பின்னால் வைத்திருந்த அந்தப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது. அடுத்த மாதமே டிஸ்க் 'டிக், டிக்' என்று அடிக்கத் தொடங்கியது. அவசரமாக ஒரு புது டிஸ்க் வாங்கிக் கொப்பி எடுத்தேன். ஒன்பது கோப்புகளை வாசிக்கவே முடியவில்லை. அவற்றில் ஒன்று, அப்பா வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் எடுத்த, வடமோடி என்ற வகை நாட்டுக்கூத்து அரங்கேற்றத்தின் விடியப்புற மணித்தியாலம். மூல நாடா அலுமாரியில் கிடந்ததால் அது தப்பியது.

அதன் பிறகுதான் சேகரிப்பு முழுவதையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் தூரத்துச் சேமிப்பகத்துக்கு, மாற்றினேன். இரண்டு மாரி கடந்துவிட்டது. மூன்று வருடம் வீட்டு டிஸ்க்கையும் ஒன்றரை வருடம் கிளவுடையும் பாவித்துப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குக் கிளவுட்தான் தோது என்பது என் முடிவு. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் கணக்கு விளங்கும். கூத்து என்றால் இரவு தொடங்கி விடியும்வரை. மினி டிவி (MiniDV) என்ற கமரா நாடா ஒன்று 60 நிமிடம், ஆக ஓர் இரவுக்கு எட்டு நாடா. அதை அப்படியே கொம்பியூட்டருக்கு எடுத்தால் மணித்தியாலத்துக்கு 13 ஜிபி. ஒரே கூத்து 100 ஜிபியைத் தாண்டிவிடும். எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறையில் வினாடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் சுருக்கினால் மணித்தியாலத்துக்கு 3.6 ஜிபிதான். பழைய நாடாவின் தெளிவுக்கு அது தாராளம். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக்கூடாது: அந்தக் கால வீடியோவில் ஒவ்வொரு படமும் கோடு விட்டுக் கோடாக இரண்டு பாதிகளாகப் பதிந்திருக்கும். சுருக்கும்போதே அவற்றைச் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மத்தளம் அடிக்கிறவரின் கை சீப்புப் பல்லுப்போலப் பிளந்து தெரியும். கூத்துகளோடு கலியாண வீடியோக்கள், கசெற்றிலிருந்து மாற்றிய பாட்டுகள், குடும்பப் படங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு டெராபைட் அளவு வருகிறது.

வீட்டு டிஸ்க்கின் நன்மைகள் தெரிந்தவைதான். ஒருமுறை காசு கொடுத்தால் சரி. இணைப்பு இல்லாவிட்டாலும் ஓடும். தொட்டவுடன் படம் வரும். கிளவுட் பக்கமும் அப்படித்தான்: வீட்டுக்கு என்ன நடந்தாலும் பொருள் வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடியில் ஒரு கலியாணப் படம்கூட மிஞ்சாமல் நின்ற சொந்தக்காரர் எங்களுக்கும் இருக்கிறார்கள். 1978 சூறாவளியைப் பற்றி அம்மா கதைக்கும்போதும் கூரையோடு போன படப் பெட்டி ஒன்று கட்டாயம் வரும். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் என்னை மாற வைத்தது அது அல்ல. அதற்கு மட்டும் என்றால் இரண்டாவது டிஸ்க் ஒன்றை இந்தக் கரைக்குத் தூரத்தில், வேறூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைத்தாலே போதும்.

மாற வைத்தது பராமரிப்பு.

நான் கல்முனையில் வேலை செய்கிறேன். கிழமை நாட்களில் வீட்டில் அம்மா மட்டும். வீட்டு டிஸ்க் இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் வரும்: "மனே, அப்பாட கூத்து வருதில்லயே." கரண்ட் வெட்டி வந்திருக்கும், டிஸ்க் எழும்பியிராது. அல்லது எழும்பியிருக்கும், ஆனால் சடுதியாக நின்றதால் கோப்பு அமைப்பில் பிழை வந்து, சரிபார்க்காமல் திறக்கமாட்டேன் என்று நிற்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் யுபிஎஸ் பேட்டரி முற்றாகச் செத்தது. புதியது போட்டேன், இரண்டு வருடத்தில் அதுவும் ஊதியது. டிஸ்க், யுபிஎஸ், வயர், பவர் அடப்டர் என்று ஏதாவது ஒன்று எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க ஆள் கேட்டது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் முதல் வேலை அம்மாவோடு தேத்தண்ணி குடிப்பதாக இல்லை, ரிவிக்குப் பின்னால் டோர்ச் பிடிப்பதாக இருந்தது.

இப்போது வீட்டில் இருப்பது ராஸ்பெரி பை என்ற கையளவு கொம்பியூட்டர், அதில் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்). வீடியோக்களைப் பட்டியலாக ரிவிக்குக் காட்டி ஓட்டும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் அதில் ஓடுகிறது. ஆர்குளோன் என்ற இலவச மென்பொருள், பேக்பிளேஸ் பி2 என்ற கிளவுட் சேவையில் இருக்கும் கோப்புகளை வீட்டிலேயே இருக்கும் ஒரு ஃபோல்டர் மாதிரி ஜெல்லிஃபினுக்குக் காட்டுகிறது. அம்மாவுக்கு ரிவியில் தெரிவது பழைய பட்டியல்தான். வித்தியாசம் இதில் இருக்கிறது: அந்தப் பெட்டிக்குள் இழக்க ஒன்றுமில்லை. உப்புக்காற்றில் பழுதானால், இடி விழுந்தால், இன்னொன்றை வாங்கி, பாதுகாத்து வைத்திருக்கும் அமைப்புக் கோப்பை ஏற்றினால் ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் பழையபடி. போன ஐப்பசியில் அப்படித்தான் நடந்தது. மழை வெள்ளம் யன்னலால் அடித்துப் பெட்டி நனைந்தது. பழைய காலம் என்றால் அந்த இரவு நித்திரை வந்திராது. இம்முறை அதைத் துடைத்து மூலையில் வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை புதியதைப் பூட்டினேன்.

சாமான் கெடும், அது எந்த ஊரிலும் உள்ளது. கெடும்போது அதோடு என்ன போகிறது என்பதுதான் எனக்குக் கேள்வி. அப்பாவின் வீடியோக்களையும் ஓடுகிற இயந்திரத்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருந்தவரை, இயந்திரத்தின் ஒவ்வொரு தும்மலும் எனக்கு நெஞ்சு இடியாக இருந்தது. பிரித்த பிறகு இயந்திரம் வெறும் இயந்திரமாகிவிட்டது. அதற்காகவே மாதக் காசு கட்டுகிறேன் என்று சொல்லலாம்.

ஆனால் இந்த அமைப்பைக் கவனமில்லாமல் செய்தால் கையைச் சுடும். எனக்குச் சுட்டது. முதல் வாரம் ஜெல்லிஃபினை அதன் பாட்டுக்கு விட்டேன். அது ஒவ்வொரு வீடியோவையும் முழுதாகத் திறந்து, அத்தியாயப் படங்களும் வேகமாக ஓட்டும்போது தெரியும் குட்டிப் படங்களும் எடுக்கத் தொடங்கியது. டிஸ்க்கில் இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. கிளவுடில் இருந்தால் ஒவ்வொரு கோப்பும் கடல் கடந்து வீட்டுக்கு வர வேண்டும். மாதத்துக்கான டேற்றா மூன்று இரவில் தீர்ந்தது. அந்த இரண்டு வசதிகளையும் ஜெல்லிஃபினின் நூலக அமைப்பில் முதலே நிறுத்திவிட்டுத்தான் கோப்புகளை ஸ்கான் பண்ண விட வேண்டும்.

அடுத்தது கேஷ் (cache), அதாவது தற்காலிகச் சேமிப்பு. ஆர்குளோன் ஒருமுறை கொண்டுவந்த பகுதிகளை வீட்டுப் பெட்டியிலேயே வைத்திருக்கும். ஆனால் நாமாக மாற்றாவிட்டால் கடைசியாகத் தொட்டு ஒரு மணித்தியாலத்தில் அவற்றை அழித்துவிடும். முழுக் கேஷ் முறையைத் தெரிவுசெய்து, அந்தக் காலத்தை இரண்டு மாதமாக்கி, அளவை 200 ஜிபி என்று கட்டிவைத்தேன். அம்மா திரும்பத் திரும்பப் பார்ப்பது ஏழெட்டு வீடியோதான். அவை இப்போது எஸ்எஸ்டியிலிருந்தே ஓடுகின்றன. மாத டேற்றாவில் இந்த நூலகத்தின் பங்கு மிகச் சிறிதாகிவிட்டது.

இன்னொன்று, எம்பி4 கோப்புகளில் உள்ளடக்க அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் இருக்கும். ரிவி முதலில் கடைசிக்குப் போய் அதைத் தேடி, பிறகு முதலுக்கு வர வேண்டும். தூரத்துச் சேமிப்பகம் என்றால் அதற்கே சுணங்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் அந்த அட்டவணையை முன்னுக்கு எடுத்து வைக்கும் ஒரு கட்டளை உண்டு. படத்தைத் திரும்பச் சுருக்கவும் தேவையில்லை. அதைச் செய்த பிறகு, என் கோப்புகள் இருக்கும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் வீடியோ மூன்று நான்கு வினாடியில் தொடங்குகிறது. நடுவில் தாவினால் இன்னும் இரண்டு மூன்று வினாடி. அம்மாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வீடியோ ரிவி நேரடியாக ஓட்டக்கூடிய எச்.264 ஆக இருப்பதும் முக்கியம். ராஸ்பெரி பைக்கு வழியில் நின்று வேறு வடிவத்துக்கு மாற்றும் பலம் கிடையாது.

ஏற்றும் வேலை பொறுமை கேட்கும். எங்கள் வீட்டு இணைப்பில் மேலே போகும் வேகம் வினாடிக்கு 10 மெகாபிட் அளவு. அந்த வேகத்தில் ஒரு டெராபைட்டை நிற்காமல் ஏற்றினாலே ஒன்பது நாளுக்கு மேல். டேற்றா பக்கேஜ் அளவைப் பார்த்து, இரவில் மட்டும் ஏற்றியதால் எனக்கு நான்கு மாதம் பிடித்தது. கூத்தை ஒரே பெரிய கோப்பாகச் சேர்க்காமல் நாடாவுக்கு ஒரு கோப்பாகவே விட்டது நல்லதாகப் போயிற்று. இடையில் கரண்ட் போனால் ஆர்குளோன் அந்தக் கோப்பை முதலிலிருந்து ஏற்றும். 3.6 ஜிபி என்றால் முக்கால் மணித்தியால நட்டத்தோடு முடியும். 30 ஜிபி என்றால் ஓர் இரவே போகும்.

ஏன் கூகுள் டிரைவ் இல்லை என்று கேட்பார்கள். சிறிய சேகரிப்புக்கு அது போதும். 15 ஜிபி இலவசம். எனக்கு மனம் வராததற்குக் காரணம், மின்னஞ்சலும் தொடர்பு எண்களும் இருக்கும் அதே கணக்கில் அப்பாவின் வீடியோக்களையும் தொங்கவிட விருப்பமில்லை. ஒன்று பூட்டப்பட்டால் எல்லாம் பூட்டப்படும்.

இனிக் காசு. நான் சேர்ந்தபோது பி2வில் ஒரு டெராபைட்டுக்கு மாதம் 6 டொலர். டொலர் 300 ரூபாய் என்று பார்த்தால் 1,800 ரூபாய். சேமித்த அளவின் மூன்று மடங்குவரை மாதத்தில் இறக்குவதற்கு அப்போது தனிக் காசு இல்லை; ஒரு குடும்பம் எவ்வளவு பார்த்தாலும் அதைத் தாண்டாது. சில பெரிய சேவைகளில் சேமிப்பு மலிவாகத் தெரியும், இறக்கும்போதுதான் ஜிபிக்கு இவ்வளவு என்று வரும். படம் பார்ப்பது என்றாலே இறக்குவதுதான். ஆகவே விலைப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.

இரண்டு டிஸ்க், யுபிஎஸ் என்று வாங்கியிருந்தால் மூன்று வருடக் கிளவுட் வாடகைக்குக் கிட்ட வந்திருக்கும். அதற்குப் பிறகு டிஸ்க் பக்கம்தான் இலாபம், அதுவும் டிஸ்க் உயிரோடு இருந்தால். ஆனால் வாடகை டொலரில் என்பது சின்ன விஷயம் இல்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. இதே 6 டொலர் 1,200 இலிருந்து 2,160 ஆகியிருக்கும், சம்பளம் அசையாமல். வங்கிக் காட் ஒன்று வேலை செய்யாமல் போய்க் காசு கட்டுப்படாவிட்டால் கணக்கை நிறுத்தி, கடைசியில் அழித்தும் விடுவார்கள். நான் இரண்டாவது காட் ஒன்றைப் பதிந்து வைத்திருக்கிறேன். சேவைகள் சுருங்குவதும் மூடப்படுவதும் உண்டு: கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூனில் அளவில்லா இலவசத்தை நிறுத்தியது, அமேசான் டிரைவ் 2023 கடைசியோடு மூடியது. ஆர்குளோனால் வேறிடத்துக்கு மாற்றலாம். ஆனால் பெரும்பாலும் எல்லாம் நம் கொம்பியூட்டருக்குள்ளால் போய்த்தான் வரும். அந்த மாற்றத்தை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.

நான் எதிர்பாராத நன்மை லண்டனிலிருந்து வந்தது. அக்கா முன்பு வீட்டு டிஸ்க்கிலிருந்து பார்க்க முயன்றால் எங்கள் மேலே போகும் வேகத்தில் திணறித் திணறி வரும். பி2வில் வாசிக்க மட்டும் அனுமதிக்கும் திறவுகோல் ஒன்றைத் தனியாக உருவாக்கலாம். அதை அத்தானுக்கு அனுப்பினேன். அவர் தன் வீட்டுக் கொம்பியூட்டரில் ஜெல்லிஃபின் போட்டு நேரே ஆம்ஸ்டர்டாமிலிருந்து எடுக்கிறார். கல்லடியில் கரண்ட் இருக்கிறதா என்பது அவர்களுக்குத் தேவையே இல்லை. அவர்கள் பக்கம் பிழை விட்டாலும் ஒன்றும் அழியாது. "தம்பி, சின்னவன் சல்லாரிச் சத்தத்துக்கு ஆடுறான்" என்று அக்கா அனுப்பிய வீடியோவையும் அந்தச் சேகரிப்பிலேயே சேர்த்துவிட்டேன்.

கோப்புகளை, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும் ஆர்குளோனின் மறையாக்கத்தோடுதான் ஏற்றியிருக்கிறேன். அந்த பாஸ்வேர்ட் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது, சேவை நடத்துபவர்களாலும்தான். கடதாசியில் எழுதிக் காணி உறுதியோடு வைத்திருக்கிறேன். அக்காவிடம் ஒரு பிரதி.

டிஸ்க் வெல்லும் இடங்களும் இருக்கின்றன. போன மாரியில் இணைப்பு நான்கு நாள் விழுந்தது. அந்த நான்கு நாளும் அம்மாவுக்கு ரேடியோதான். கைத்தொலைபேசி டேற்றாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன். 4கே வீடியோ நிறைய வைத்திருப்பவர்களுக்கும் சொல்லத் துணிவில்லை. என்னிடம் அது இல்லை, ஓட்டிப் பார்த்ததும் இல்லை. கல்லடியைவிட்டுக் கடலுக்குத் தள்ளி, வீட்டில் எப்போதும் விஷயம் தெரிந்த ஆள் இருக்கும் இடத்தில் டிஸ்க் நல்லாகவே ஓடும்.

டிஸ்க்கை முற்றாகக் கைவிடவும் இல்லை. சுருக்காத மூலப் பதிவுகள், பழுதானதற்குப் பதிலாக வாங்கிய டிஸ்க்கில் இருக்கின்றன. ஈரம் உறிஞ்சும் பைகளோடு மூடிய டப்பாவுக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டிப் பார்ப்பேன். இன்னும் 14 நாடா மாற்றக் கிடக்கிறது. அப்பாவின் கமராதான் அவற்றை ஓட்டும் ஒரே இயந்திரம், அதன் ஹெட் தேய்ந்துகொண்டு வருகிறது. ஆகவே இப்போது வரிசை இப்படி: கூத்து நாடாக்கள் முதலில், கலியாண வீடியோக்கள் பிறகு.