விராலுக்கு றப்பர் எலி: சில வருடப் பாவனைக்குப் பிறகு

விரால் பிடிக்க றப்பர் எலி, அதாவது எலி வடிவத் தூண்டில் இரை, வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கையில் ஏற்கனவே றப்பர் தவளை இருக்கிறதென்றால், எலி எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். மட்டக்களப்பில் உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, அம்பாறைப் பக்கம் இறக்காமம் என்று குளம் குளமாகவும், படுவான்கரை வயல் வட்டைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களிலும் சில வருடங்களாக இதை எறிந்து வருகிறேன். மாரி வெள்ளத்திலும் பார்த்தேன், ஆவணியில் குளம் வற்றிக் கிடக்கும்போதும் பார்த்தேன்.

எலி வடிவத் தூண்டில் நமக்குத்தான் புதிது, குளிர்நாடுகளில் ட்ரவுட் மீன் பிடிப்பவர்களுக்குப் பழசு. அலாஸ்காவில் ஆற்றுக்குள் இறங்கி நீந்தும் சிறு எலிகளை ரெயின்போ ட்ரவுட் விழுங்கும். நியூசிலாந்தில் சில வருடங்களில் பீச் (beech) என்னும் காட்டு மரங்கள் எல்லாம் ஒன்றாக விதை கொட்டும். அந்த வருடம் காட்டில் எலி பெருகி, ஆற்றில் இறங்கும் எலிகளைத் தின்று பிரவுண் ட்ரவுட் கொழுத்துவிடும். அதற்கென்றே மான் மயிரைக் கொக்கியில் இறுக்கிக் கட்டி, உருண்டையாகக் கத்தரித்து, தோலில் ஒரு வாலும் வைத்து எலி செய்கிறார்கள். மான் மயிருக்குள் காற்று நிற்பதால் அது மிதக்கும். நம் நாட்டில் ட்ரவுட் என்றால் வெள்ளைக்காரர் காலத்தில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் கொண்டுவந்து விட்டதுதான். மட்டக்களப்புத் தண்ணீரின் சூடு அதற்குத் தாங்காது. இங்கே அந்த எலிக்குப் பாயக்கூடிய மீன் விரால்.

விரால் செவுளால் மட்டும் மூச்சுவிட்டு வாழ முடியாது. மேலே வந்து காற்றைக் குடித்தே ஆகவேண்டும். அதனால் ஆழத்தைத் தேடாமல் ஆம்பல், தாமரை இலைக்குக் கீழேயும் ஆற்றுவாழை ஓரத்திலும் மேல்மட்டத்தில் நிற்கும். நீர்மட்டத்தில் எது அசைந்தாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது. தவளை, சின்ன மீன், தும்பி, எலிக்குஞ்சு எதையும் விடாது. பெரும்போக வெட்டு நடக்கும் நாட்களில், மிஷின் வயலுக்குள் இறங்கியதும் வரப்பு எலிகள் கலைந்து வாய்க்காலைக் கடந்து அக்கரைக்கு ஓடும். அந்த வாய்க்கால் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தத் தூண்டிலின் அருமை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சாமானைப் பற்றி. நான் பாவிப்பது உள்ளே வெறுமையான மெல்லிய றப்பர் உடல், ஏறக்குறைய 6 சென்டிமீற்றர் நீளம், 15 கிராமுக்குள். முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும் இரட்டைக் கொக்கி. விரால் கவ்வும்போது றப்பர் அமுங்கி முனை வெளியே வரும். அதுவரை முனை மறைந்திருப்பதால் ஆம்பல் இலைமேல் எறிந்து இழுத்தாலும் சிக்காது. வயிற்றில் ஒரு சிறு ஈயம், அதனால் எப்படி விழுந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். இந்த அமைப்பு தவளைக்கும் எலிக்கும் ஒன்றுதான். வித்தியாசம் பின்பக்கம்: தவளைக்கு இரண்டு கொத்து றப்பர் கால், எலிக்கு ஒற்றை வால்.

அந்த ஒற்றை வாலில்தான் விஷயம் இருக்கிறது. தவளையைச் சுண்டிச் சுண்டி இழுக்க வேண்டும், அது வலமும் இடமும் தலையாட்டித் தண்ணீரைக் கொப்பளிக்கும். எலியைக் கம்பின் நுனியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, ஒரே சீராக, மெதுவாக இழுத்தால் போதும். மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் விரிந்து போகும் ஒரு கோடு நீர்மேல் விழும். இத்தனை நாள் பார்த்ததில் என் தீர்ப்பு, விரால் பார்த்து வருவது அந்தக் கோட்டைத்தான். கண், காது, மீசை எல்லாம் கடையில் நம்மைப் பிடிப்பதற்கு. காது பிய்ந்து, நிறம் கழன்ற எலிக்கும் புது எலிக்கும் மீன் வருவதில் நான் எந்த வேறுபாடும் காணவில்லை. கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு வானத்துக்கு எதிரே ஒரு கறுத்த உருவம்தான் தெரியும். அதனால் கறுப்பு எலி வாங்கி, முதுகில் மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வெள்ளைப் பொட்டு ஒன்று வையுங்கள். பொழுது படும்போது அந்தப் பொட்டு இல்லாமல் எலி எங்கே நிற்கிறது என்று தெரியாது.

அடர்ந்த பாசி, நெருங்கிக் கிடக்கும் ஆற்றுவாழை என்றால் தவளையே மேல். சத்தமும் கொப்பளிப்பும் இருந்தால்தான் இலைக்குக் கீழே கிடக்கும் மீனுக்குத் தெரியும். இலைகளுக்கு நடுவே திறந்த வெட்டைத் தண்ணீர், வாய்க்கால், காற்று அடங்கிய அந்தி, விடியற்காலை என்றால் எலி. பலர் தவளை எறிந்து எறிந்து மீன் பயந்துபோன குளங்களிலும் இந்த அமைதியான எலிக்கு மீன் வருகிறது. நடுப்பகல் வெயிலில் இரண்டுமே வேண்டாம், வீட்டில் இருங்கள்.

அடித்ததும் இழுக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். தண்ணீர் வெடிக்கிற மாதிரிச் சத்தம் வரும், கை தானாக எழும்பும். சுவிசில் இருந்து வந்த என் மச்சான் ட்ரவுட் பிடித்துப் பழகியவர். அவர் முதல் நாளே சொன்னார்: "சத்தத்துக்கு இழுக்காத மச்சான். பாரம் கையில தெரியட்டும், மறுகா இழு." ட்ரவுட் பல நேரம் எலியை முதலில் அடித்துவிட்டு, அப்புறம்தான் திரும்பிவந்து விழுங்குமாம். விரால் பெரும்பாலும் ஒரே கவ்வாகக் கவ்வும். என்றாலும் றப்பர் அமுங்கிக் கொக்கி வெளிப்பட அவகாசம் வேண்டும். கம்பைத் தாழ்த்தி, நூல் இறுகும்வரை பொறுத்து, பிறகு முழுப் பலத்தோடு இழுங்கள். தங்கூசி (நைலோன் நூல்) இழுபடும், அந்தப் பலம் கொக்கிக்குப் போய்ச் சேராது. 40 அல்லது 50 இறாத்தல் தாங்கும் பிரெயிட் (பின்னல்) நூல்தான் சரி.

மச்சான் கொண்டுவந்த 8ஆம் இலக்கப் பறப்புத் தூண்டில் (fly fishing) கம்பையும், அதில் இரையைத் தன் பாரத்தால் கொண்டுபோகும் தடித்த நூலையும் மான் மயிர் எலியையும் உன்னிச்சையில் எறிந்து பார்த்தோம். அது தண்ணீரில் வந்து விழும் அழகே தனி, சத்தமே இல்லை. றப்பர் எலி 'டப்' என்று விழும்போது விலகிப்போகும் மீன் இதற்கு விலகவில்லை. ஆனால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பாரமான நூலை நேராக விரிக்க முடியாது. கொக்கி திறந்திருப்பதால் தாமரைத் தண்டெல்லாம் மாட்டும். விராலின் பல்லுக்கு மான் மயிர் நெடுநாள் தாங்காது, நனைந்து ஊறியதும் மிதப்பும் குறையும். ஓடும் குளிர் ஆற்றுக்குச் செய்தது, அங்கே அது அரசன். நம் குளத்துக்கு றப்பர்தான்.

றப்பர் எலி எவ்வளவு நாள் உழைக்கும் என்பது பற்றியும் சொல்லவேண்டும். முதலில் போவது உடல். பல் குத்திய துளைகளால் தண்ணீர் புகுந்து எலி பின்பக்கமாகத் தாழும். சின்னத் துளையென்றால் நன்றாகக் காயவைத்து சுப்பர் குளூ ஒரு சொட்டு, பிறகும் நெடுநாள் ஓடும். வயிறு கிழிந்தால் உடலை மாற்றத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிழிந்து உள்ளே இருக்கும் தண்ணீரை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொக்கி உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். மலிவான எலிகளில் கொக்கிக் கம்பி மெல்லியது, பெரிய விராலுக்கு விரிந்துவிடும். வாங்கும்போது எலியின் கண்ணைப் பார்க்காமல் கொக்கியைப் பாருங்கள். முனைகளைக் குறட்டால் ஒரு மயிரளவு வெளிப்பக்கம் வளைத்துவிட்டால் மாட்டுவது கூடும். றப்பர் புழுக்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும்.

அந்தியில் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. குளக்கட்டில் முதலை இருக்கிறதா என்று பார்க்காமல் கரையோரம் குந்தாதீர்கள். உன்னிச்சை, உறுகாமப் பக்கம் யானை வரும் பாதையை ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டு, இருட்ட முன்னரே திரும்பிவிடுங்கள். எலி ஓடும் வாய்க்காலில் எலிக்காய்ச்சலும் இருக்கிறது. காலில் காயத்தோடு சேற்றில் இறங்கக் கூடாது. வயலில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கொடுக்கும் தடுப்பு மாத்திரையைப் பற்றி நீங்களும் போய்க் கேளுங்கள். சேறு பட்டு வந்த சில நாளிலோ வாரங்களிலோ காய்ச்சலும் உடம்பு நோவும் என்றால், வயலில் இறங்கியதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

கடைசியாக என் மனதுக்கு மிக நெருக்கமான ஒன்று. மழை விழுந்து வயலில் தண்ணீர் ஏறும் காலத்தில், நீர்மேல் செம்மஞ்சளாக ஒரு குஞ்சுக் கூட்டம் பொங்கிப் பொங்கி அசையும். அதன் கீழே தாய் தகப்பன் விரால் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எலியை மேலால் இழுத்தால் பசி இல்லாமலே பாயும், குஞ்சைக் காப்பாற்றத்தான் பாய்கிறது. பிடிப்பது மிக எளிது, படம் எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுகளைத் திலாப்பியாவும் கொக்கும் ஒரு நாளில் முடித்துவிடும். குஞ்சு கண்ட இடத்தில் நான் எறிவதில்லை, வாய்க்காலின் அடுத்த வளைவுக்குப் போய்விடுவேன். எலி வாங்கப் போகிற நீங்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.