‘எஃப்ஐஏ அப்ரூவ்ட்’ என்று விற்ற ஹெல்மெட்: கார் ரேஸுக்கு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

22,500 ரூபாய்க்கு ஒரு ஹெல்மெட். விற்றவர் வாயால் சொன்னது, "எஃப்ஐஏ அப்ரூவ்ட், ஹான்ஸ் ரெடி, ஃபுல் கார்பன்." (எஃப்ஐஏ என்பது உலகக் கார் ரேஸ்களின் தலைமை அமைப்பு; ஹான்ஸ் என்பது மோதலில் தலையைப் பிடிக்கும் கழுத்துச் சட்டம்.) பில்லில் எழுதிக் கொடுத்தது, "ஸ்போர்ட்ஸ் ஹெல்மெட் – 1". வாங்கியவர் இந்த சீசனில்தான் முதன்முதலாகக் கார் ரேஸில் இறங்கும் இளைஞர். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், போட்டிக்கு முன் வண்டியையும் ஹெல்மெட்டையும் சோதிக்கும் ஸ்குரூட்டினி மேசைக்கு வந்த இரண்டே நிமிடத்தில் அந்த ஹெல்மெட் ஒதுக்கி வைக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் போனது, அந்த வார இறுதியும் போனது. கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "தலையில போட்டுட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது" என்று பதில்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே சரக்கு வேறு வேறு பெயர்களில், ஆன்லைனிலும் நேரிலும் விற்கிறது. ஒரு பெயரைத் தவிர்த்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதைவிட, அந்த ஹெல்மெட்டைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்த ஒவ்வொன்றையும் சொல்வது பயன்படும். கடையிலேயே, பணம் கொடுக்கும் முன்பே, 5 நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைகள்தான் பெரும்பாலானவை.

முதலில் லேபிள். ஹெல்மெட்டின் பின்பக்கம் வெளியே பளபளப்பாக ஒரு ஹாலோகிராம் ஸ்டிக்கர். அதில் எஃப்ஐஏ என்று மட்டும் இருந்தது, எண் எதுவும் இல்லை. ‘எஃப்ஐஏ அப்ரூவ்ட்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு தரம் கிடையாது. 8859-2015, 8860-2018 என்று தரத்தின் எண்தான் உண்டு, அது ஹெல்மெட்டின் உள்புறத்திலோ தாடைப் பட்டையிலோ இருக்கும். வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் வெறும் அலங்காரம்.

உள்ளே ஸ்னெல் எஸ்ஏ2020 என்று இன்னொரு லேபிள். ஸ்னெல் என்பது ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க அறக்கட்டளை. ஒட்டியிருந்த இடம் கன்னத்துப் பேட். கழற்றி மாற்றும் பேடில் சான்று லேபிள் இருப்பதில் அர்த்தமே இல்லை. அந்தப் பேடை வேறொரு ஹெல்மெட்டில் மாட்டினால் அதுவும் எஸ்ஏ ஆகிவிடுமா? உண்மையான ஸ்னெல் லேபிளில் வரிசை எண் இருக்கும். பெரும்பாலும் உள்துணியை விலக்கினால்தான் கண்ணில் படும். இதில் எண் இல்லை. தாடைப் பட்டையில் ஒரு வெள்ளை லேபிளைக் கத்தரித்துவிட்ட நூல் நுனிகள் மட்டும் மிச்சம் இருந்தன. ஐரோப்பிய பைக் ஹெல்மெட்டுகளுக்கான ஈசிஇ லேபிள் தைக்கும் இடம் அது. ஆக, இது பைக் ஹெல்மெட்.

பைக் ஹெல்மெட் என்றால் மட்டம் என்று பொருளல்ல. அது வேறு வேலைக்குச் செய்தது. ஸ்னெல் அறக்கட்டளை 1957இல் தொடங்கியது; முந்தைய ஆண்டு கார் ரேஸில் தலையில் அடிபட்டு இறந்த வில்லியம் ஸ்னெல் பெயரில். அவர்கள் லேபிளில் வருடத்துக்கு முன்னால் வரும் எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். எஸ்ஏ என்றால் கார் ரேஸ். எம் என்றால் பைக். கே என்றால் கார்ட்டிங். எம்2020 என்பதைக் காட்டி "ஸ்னெல்தானே சார், ஒண்ணுதான்" என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஒன்றல்ல. எம் லேபிளுக்கு இல்லாமல் எஸ்ஏவுக்கு இருக்கும் சோதனைகள் இரண்டு. ஒன்று நெருப்பு: ஷெல், உள்துணி, பட்டை எல்லாம் தீப்பிழம்பில் காட்டி எடுத்தால் தானாக அணைய வேண்டும். இன்னொன்று ரோல் கேஜ், அதாவது காருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு: பைக்கில் இருந்து விழுகிறவர் சாலையில் மோதுவார், காருக்குள் இருப்பவரின் தலையோ ஒரே குழாயில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மோதும். அதற்காகக் குழாய் வடிவ இரும்பில் மோதவைத்துப் பார்ப்பார்கள். எம், கே இரண்டிலும் இந்த நெருப்புச் சோதனை இல்லை. சாலையில் பைக் ஓட்டக் கட்டாயமான ஐஎஸ்ஐ முத்திரையும், அமெரிக்க டாட் ஸ்டிக்கரும் கார் ரேஸ் ஸ்குரூட்டினியில் செல்லாது.

அந்த ஹெல்மெட்டின் உள்துணியில் ஓரமாக ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சி காட்டினால் உருகிச் சொட்டியது. சாதாரண பாலியஸ்டர். நோமெக்ஸ் போன்ற தீ தாங்கும் துணி என்றால் கருகுமே தவிர உருகிச் சொட்டாது. உருகிய பாலியஸ்டர் முகத்தோலில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஹான்ஸ். கழுத்தில் மாட்டும் அந்தச் சட்டத்தின் வார் ஹெல்மெட்டின் இரு பக்கமும் இருக்கும் குமிழ்களில் மாட்டும். கார் மோதி நிற்கும்போது உடலை பெல்ட் பிடித்துக்கொள்கிறது, தலையை எதுவும் பிடிப்பதில்லை. மண்டையின் அடிப்பகுதி எலும்பு முறிவது அதனால்தான். 2001இல் அமெரிக்காவின் டேடோனாவில் ரேஸ் வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது இப்படித்தான். ஃபார்முலா 1இல் 2003 முதல் ஹான்ஸ் கட்டாயம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலை 5 கிலோ, ஹெல்மெட் ஒன்றரைக் கிலோ. 50 ஜி மோதலில், அதாவது எடை 50 மடங்காகும்போது, அந்த இரண்டு குமிழ்களும் தாங்க வேண்டிய இழுப்பு 325 கிலோ.

‘ஹான்ஸ் ரெடி’ என்று விற்ற இதில், யாரோ டிரில் போட்டு, பாப் ரிவெட் அடித்து, மேலே எபாக்ஸி பூசியிருந்தார்கள். டிரில் பிட் ஷெல்லைத் தாண்டி உள்ளே இருக்கும் தெர்மாகோலிலும் இறங்கியிருந்தது. எஸ்ஏ2015 முதல், எஸ்ஏ ஹெல்மெட்டில் எம்6 மரை போட்ட உலோகக் குழல் தொழிற்சாலையிலேயே ஷெல்லில் பதிந்து வர வேண்டும். குமிழை அதில் திருகினால் போதும். எனவே கடையில் குமிழைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே உலோக மரை தெரிந்தால் சரி. பிளாஸ்டிக்கோ, ரிவெட்டோ, தட்டைத் தலை ஸ்குருவோ தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நல்ல எஸ்ஏ ஹெல்மெட்டாகவே இருந்தாலும், கையால் துளை போட்ட மறு நிமிடம் அதன் சான்று செத்துவிடும்.

‘ஃபுல் கார்பன்’ சமாச்சாரம் இன்னும் எளிது. கீழ் விளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். கார்பனோ கண்ணாடி இழையோ என்றால் வெட்டு விளிம்பில் இழை அடுக்குகள் தெரியும். இதில் வழுவழுப்பான பிளாஸ்டிக், மேலே கார்பன் கோடு போட்ட ஃபிலிம், அதற்கு மேல் கிளியர் கோட். பிளாஸ்டிக் ஷெல்லில் தின்னர் கலந்த பெயின்ட் அடிப்பது அதைவிட மோசம். கரைப்பான் பிளாஸ்டிக்கை உள்ளுக்குள் நொறுங்கவைக்கும், கண்ணுக்குத் தெரியாது. நல்ல ஹெல்மெட்டுக்கு டிசைன் போட நினைப்பவர்களும் தயாரிப்பாளர் அனுமதித்த பெயின்டையே, காற்றில் உலரவிட்டே அடிக்க வேண்டும். வண்டி பெயின்டரிடம் கொடுத்து ஹீட்டரில் வைக்காதீர்கள்.

வைசர் பற்றி ஒரு வார்த்தை. 2009 ஹங்கேரியில் முன்னால் போன காரில் இருந்து கழன்ற ஸ்பிரிங் ஃபார்முலா 1 வீரர் ஃபிலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில், இடது கண்ணுக்கு மேலே, வைசரின் மேல் விளிம்பு அருகே அடித்தது. அதன் பிறகு வைசரின் மேல்பகுதியில் ஸைலான் என்ற வலுவான இழையால் ஆன பட்டை வந்தது; 8860-2018 தரத்தில் கண் திறப்பின் மேல் விளிம்பையே 10 மில்லிமீட்டர் இறக்கினார்கள். அந்தத் தரத்து ஹெல்மெட்டுக்கு அவ்வளவு பணம் போட நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் விரலால் அழுத்தினால் வளையும் வைசர், பூட்டு இல்லாமல் தானாக மேலே எழும்பும் வைசர், இரண்டும் வேண்டாம்.

இவ்வளவு பித்தலாட்டத்திலும் மிக ஆபத்தானது எது என்று கேட்டால், சைஸ். இது அசல் ஹெல்மெட்டிலும் நடக்கிறது, ஸ்குரூட்டினியிலும் தப்பிவிடும். அந்த இளைஞரின் தலைச் சுற்று 57 செ.மீ. அவருக்குக் கொடுத்தது 59–60க்கான எல். கடையில் எல் மட்டும்தான் இருந்தது. "காது வலிக்காது, கம்ஃபர்ட்டா இருக்கும்" என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள். புது ஹெல்மெட்டின் பேட் சில மாதங்களில் அமுங்கும், இன்னும் தளரும். இறுக்கமாக வாங்கினால்தான் பிறகு சரியாக இருக்கும்.

தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் போதும். ஃபார்முலா 1 சாம்பியன் நிக்கி லாடா அன்று போட்டிருந்தது மாற்றியமைத்த ஹெல்மெட். தலையில் சரியாகப் பொருந்தவில்லை. மோதியதும் உள்ளே இருந்த ஃபோம் அமுங்கி, ஹெல்மெட் தலையில் இருந்து கழன்றுவிட்டது. எரியும் காரில் வெறும் முகத்தோடு சிக்கிக்கொண்டார். அவர் முகத்திலும் தலையிலும் கடைசிவரை இருந்த தழும்புகள் அந்தத் தீயில் வந்தவை.

அளவு எடுப்பது இப்படி. தையல்காரரின் இன்ச் டேப்பைப் புருவத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை அதிகம் புடைத்த இடத்தைச் சுற்றுங்கள். மூன்று முறை எடுத்து, பெரிய அளவைக் குறியுங்கள். அதை அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எஸ் ஆக இருக்கும். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள்.

போட்டுப் பார்க்க, ரேஸில் ஹெல்மெட்டுக்குள் போடும் தலையுறையான பாலக்லாவாவைக் கையோடு கொண்டுபோங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் அதையும். பட்டைகள் இரண்டையும் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துத் தலையை நுழையுங்கள். நுழைக்கச் சிரமமாக இருப்பதுதான் நல்லது. உச்சி, நெற்றி, பக்கங்கள் எல்லாம் ஒரே சீராகப் பட வேண்டும். கன்னம் மேலே பிதுங்கி, பேசினால் உள்கன்னம் பல்லில் கடிபடும். அந்த அளவு இறுக்கம் சரி. பட்டை போடாமலே ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள்: நெற்றித் தோல் கூடவே நகர வேண்டும். தோல் நின்று ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரியது.

பிறகு பட்டையை டபுள் டி வளையத்தில் கோத்து, தாடையில் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். கூட வந்தவரை உங்கள் பின்னால் நிற்கவைத்து, பின்விளிம்பில் கை கொடுத்து மேலே, முன்னோக்கி உருட்டச் சொல்லுங்கள். அவர் தயங்காமல் பலமாக இழுக்க வேண்டும். ஹெல்மெட் கண்ணை மறைக்கும் அளவுக்கு உருண்டால் வேண்டாம். லாடாவுக்கு நடந்ததை உங்களுக்கு நடக்கவிடாத சோதனை இது. கடையில் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கழற்றாமல் 20 நிமிடம் இருங்கள். நெற்றி முழுக்க லேசான சிவப்பு சரி. ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரே இடம் சிவந்து வலித்தால், சைஸ் அல்ல, வடிவம் தவறு. நீள மண்டைக்கு உருண்டை ஷெல் போட்டால் நெற்றி வலிக்கும், பக்கங்களில் இடைவெளி விழும். அதற்கு ஒரு சைஸ் பெரியது தீர்வல்ல. வேறு மாடல் பாருங்கள். முடிந்தால் காரின் சீட்டில் ஹான்ஸும் பெல்ட்டும் போட்டு உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை அமுங்கித்தான் தலையைக் காப்பாற்றும், அமுங்கியது மீளாது. வெளியே புது பெயின்ட் அடித்துவிட்டால் அந்த அடியைக் கண்டுபிடிக்க வழியில்லை. தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். பழைய ஸ்டாக்கிலும் கவனம்: லேபிளில் உள்ள 2015, 2020 என்பவை தரத்தின் ஆண்டு; தயாரித்த தேதி பட்டையிலோ உள்ளேயோ தனியாக இருக்கும். ஸ்னெல் ஐந்தாண்டில் மாற்றச் சொல்கிறது. உங்கள் போட்டிக்கென்று தனியாக வெளியிடும் விதிகளில் (சப்ளிமெண்டரி ரெகுலேஷன்) இந்த ஆண்டு எந்தத் தரம் செல்லும் என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

கார்ட்டிங் பழகும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஹெல்மெட்டில் பேட் அடைத்துக் கொடுக்காதீர்கள். அந்த எடையைப் பிள்ளையின் கழுத்து தாங்காது. குழந்தைகளுக்கென்றே எடை குறைத்து வகுத்த சிஎம்ஆர் என்ற தரம் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

பில்லில் நிறுவனம், மாடல், சைஸ், ‘ஸ்னெல் எஸ்ஏ2020’ அல்லது ‘எஃப்ஐஏ 8859-2015’ என்று முழுத் தரம், வரிசை எண் ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் சரக்கு இல்லை. அந்த இளைஞரின் பில்லில் இது இருந்திருந்தால் அவர் கை ஓங்கியிருக்கும். இப்போது விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, ஸ்குரூட்டினியில் நிராகரித்த குறிப்பு மூன்றையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறார். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பெட்டி பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள், உள்துணியை விலக்கி லேபிளைக் காட்டுவது வரை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்று இரவே பேடைக் கழற்றிப் பாருங்கள். துளை போட்டதாக இருந்தால், ரேஸுக்கு ஆகாது, பைக்குக்காவது ஆகட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அதற்கும் ஆகாது. புகாருக்கு வேண்டிய படங்களை எடுத்த பிறகு, புகார் முடிந்ததும், தூக்கிப் போடும் முன் தாடைப் பட்டையை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் பழைய பொருள் கடையில் இருந்து எடுத்து மறுபடி பெயின்ட் அடித்து இன்னொருவர் தலைக்கு விற்பார்கள்.